தேயிலைப் பெட்டி எக்ஸ்சேஞ்ச்

திருச்சிராப்பள்ளிக்கு நான் போனது ஏச்சு வாங்குவதற்காக. அப்படித்தான் நினைத்துக்கொண்டு கொழும்பிலிருந்து புறப்பட்டேன்.

"அக்கா, வெள்ளிக்கிழமை இன்டர்வியூ. அதற்கு முன் நீங்கள் அவசியம் வர வேண்டும். அப்பா உங்களைப் பேச வேண்டும் என்கிறார்" என்று மேரி எழுதியிருந்தாள். அவசரத்தில் 'உங்களிடம்' என்பதை 'உங்களை' என்று எழுதிவிட்டாள். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ப் பேச்சில் ஒருவர் உங்களைப் பேசினார் என்றால் திட்டினார் என்று பொருள். இந்தியாவில் அப்படியில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் மனசு உறுத்தும்போது ஊர்ப் பொருள்தான் முதலில் வந்து நிற்கிறது.

உறுத்தக் காரணம் இருந்தது. கொழும்பில் எங்கள் பெண்கள் சங்கத்தில் ஒரு ஏற்பாடு. வேலைக்குப் போகும் நாங்கள் ஒவ்வொருவரும், பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணுக்குக் கடிதம் எழுதி வழிகாட்ட வேண்டும். சங்கத்துத் தலைவியின் உறவினர் யாரோ திருச்சியில் ஒரு மாதா கோயிலில் வாங்கி அனுப்பிய பெயர்ப் பட்டியலில் எனக்கு விழுந்தவள் ஆரோக்கியமேரி. அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். நான் டெலிபோன் ஆபரேட்டர் என்று சங்கத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். அவளும் ஆபரேட்டர் ஆக வேண்டும் என்றாள். இரண்டு வருடம் மாதம் தவறாமல் எழுதினேன்.

நான் ஆபரேட்டர் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

திங்கட்கிழமை காலை ஜங்ஷனுக்கு எதிரே ஒரு கிளப்புக் கடையில் உட்கார்ந்து, "ஒரு தேத்தண்ணி தாருங்கோ" என்றேன். பரிமாறுகிறவர் கொஞ்சம் யோசித்தார். உள்ளே போய் நெடுநேரம் கழித்து, வெந்நீரில் தேன் கலந்து ஒரு டம்ளர் கொண்டுவந்து வைத்தார். "தொண்டைக்கட்டுங்களா? சூட்டோட குடிங்க, கேக்கும்" என்றார். எங்கள் தேத்தண்ணி, அதாவது டீ, இங்கே தேன் தண்ணியாகிவிட்டது. வாதாடப் போகிறவளுக்குத் தொண்டை நன்றாக இருப்பது நல்லதுதான் என்று குடித்துவிட்டேன்.

பொன்மலைக்கு ஒரு குதிரை வண்டி பிடித்தேன். குதிரை என்னைப் பாலக்கரையில் ஒரு மாதா கோயில் வாசலுக்குக் கொண்டுபோய் நின்றது. வண்டிக்காரர் உச்சுக் கொட்டினார், வாரால் தட்டினார், கெஞ்சினார். அது நகரவில்லை.

"ஞாயித்துக்கிழமை பூசைக்கு ஆள் ஏத்திட்டு இங்க வருவோம்ங்க. இன்னிக்கு ஞாயிறுன்னு நெனச்சுக்கிச்சு."

"இப்ப என்ன செய்யிறது?"

அவர் நெற்றியில் திருநீறு பூசியவர். இறங்கிப் போய்க் கோயிலைப் பார்த்து ஒரு சிலுவை போட்டுவிட்டு வந்தார். குதிரை திருப்தியாகக் கிளம்பிற்று.

மேரியின் அப்பா சவரிமுத்து வாசலிலேயே நின்றிருந்தார். பாய்லர் தட்டித் தட்டி அவருக்குக் காது பாதி போய்விட்டது. அதனால் உலகத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் என்று முடிவு செய்துகொண்டவர். "வாங்கம்மா!" என்றார். வேப்பமரத்துக் காக்கைகள் மொத்தமாக எழும்பிப் போயின. மேரி பின்னால் நின்று சிரித்தாள். ஒல்லியான பெண். கடிதங்களை வைத்து நான் கொஞ்சம் பருமனாக நினைத்து வைத்திருந்தேன்.

"பேசணும்னு சொன்னேன்ல? சாப்ட்டுப் பேசுவோம்!"

சாப்பிட்டேன். மீன் குழம்பு. நாங்கள் தேங்காய்ப்பால் விடும் இடத்தில் அவர்கள் புளி விடுகிறார்கள். பயத்தில் இருக்கும் வயிற்றுக்குத் தேங்காய்ப்பால்தான் நல்லது. கை கழுவியதும் அவர் என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப்போனார். ஏச்சு இங்கேதான் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

சுவரோரம் ஒரு தேயிலைப் பெட்டி நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் 'சிலோன்' என்று கறுப்பு மையில் அச்சு. முன்பக்கம் வரிசையாகத் துளைகள், துளைக்கு மேல் எண்கள். கட்டில் நாடாக்கள் தொங்கின, நுனியில் குடைக்கம்பி முனைகள். என் ஐந்தாவது கடிதத்தில் நான் வரைந்து அனுப்பிய சுவிட்ச்போர்டு அது.

"பன்னெண்டு லைன் போட்டிருக்கேன்மா. இப்ப இருவது வீட்டுல கேக்குறாங்க. பெட்டியைப் பெரிசாக்கறதா, ரெண்டாவது போர்டு வைக்கறதா? கொழும்புல எப்படிச் செய்யறீங்க?"

இதைக் கேட்கத்தான் அவர் என்னைக் கடல் தாண்டி வரவழைத்திருந்தார். நான் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ரெண்டாவது போர்டுதான் நல்லது" என்றேன். வேறு என்ன சொல்ல?

செவ்வாய்க்கிழமை ஒர்க்‌ஷாப் சங்கு ஊதி, சைக்கிள்கள் எல்லாம் மணியடித்துக்கொண்டு போய் முடிந்ததும் எக்ஸ்சேஞ்ச் திறந்தது. மேரி என் கடிதங்களைத் தனியாக வைத்துக்கொள்ளவில்லை. குவார்ட்டர்ஸில் படிப்பு முடித்துச் சும்மா இருந்த பெண்களைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டியிருக்கிறாள். அவளோடு சேர்த்துப் பதினொரு பேர். பயிற்சிக்கு ஆள் வேண்டுமென்று வீட்டுக் கதவுகளில் சாக்கட்டியால் நம்பர் போட்டார்கள். குவார்ட்டர்ஸ்காரர்களுக்கு அது பிடித்துப்போய்விட்டது.

ஒரு அம்மாள் வந்து பெட்டிக்கு முன்னால் நிற்பார். "நம்பர் ப்ளீஸ்" என்பாள் மேரி. "ஆறு. புளி இருக்கான்னு கேளு." மேரி குடைக்கம்பியை ஆறில் செருகுவாள். உடனே ஒரு பெண் ஆறாம் நம்பர் வீட்டுக்கு ஓடுவாள். புளி இருக்கிறதா இல்லையா என்று கேட்டுக்கொண்டு மூச்சிரைக்கத் திரும்பி ஓடி வருவாள். வீட்டுக்காரர் குளித்துக்கொண்டிருந்தால் 'லைன் என்கேஜ்டு.' ஒரு கம்பிகூட இல்லாமல் பொன்மலையில் டெலிபோன் நடந்துகொண்டிருந்தது.

தவறுகளும் உண்டு. பெண் பார்க்க நாலு மணிக்கு வருகிறோம் என்ற செய்தி ஐந்தாம் நம்பருக்குப் போக வேண்டியது, நாலாம் நம்பருக்குப் போய்விட்டது. அந்த வீட்டில் இரண்டும் பையன்கள். ஆனாலும் பஜ்ஜி போட்டுக் காத்திருந்தார்களாம். ஒன்பதாம் நம்பரில் ஒரு எஞ்சின் டிரைவரின் மனைவி, ஆங்கிலோ இந்தியப் பெண்மணி. அவர் வேலிக்கு அப்பால் யாரிடமோ ஆங்கிலத்தில் முறையிட்டது என் காதில் விழுந்தது: "நான் வீட்டில் இல்லை என்று என் வாயாலேயே சொல்கிறேன். அந்தப் பெண் என் முகத்துக்கு நேரே நின்றுகொண்டு, மணி அடிக்கிறது, எடுங்கள் என்கிறாள்."

மாலையில் பெண்கள் எனக்கு ஒப்பித்துக் காட்டினார்கள். என் கடிதங்கள் மனப்பாடம். நடுவில் எல்லோரும் ஒரே குரலில், "வெள்ளைச் சேலை நாலு, பாவாடை மூன்று, தலையணை உறை இரண்டு, அதில் ஒன்று கிழிசல், கேட்க வேண்டும்" என்றார்கள். எனக்கு வியர்த்துவிட்டது. அது என் சலவைக் கணக்கு. எந்தக் கடிதத்துக்குள்ளோ தவறிப் போயிருக்கிறது.

"ஞாபக சக்திக்கு நீங்க அனுப்பின பாடம்தானேக்கா?" என்றாள் மேரி.

"ஓம், அதுதான்" என்றேன்.

பதினொரு பேரில் ரங்கநாயகி மட்டும் பொன்மலைப் பெண் இல்லை. மேரியோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள், ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். தையல் கற்றுக்கொள்வதாக வீட்டில் சொல்லியிருந்தாள். ஒன்றரை வருடத்தில் வீட்டுக்கு ஒரு கைக்குட்டைகூட வரவில்லை. வெள்ளிக்கிழமை இன்டர்வியூவுக்கு அப்பாவின் சம்மதம் வேண்டும்.

"நீங்க வந்து சொன்னா அப்பா கேப்பார். நான் சொன்னா எங்க ஆத்துல கதவைச் சாத்திடுவா" என்றாள்.

புதன்கிழமை இருவரும் பஸ் ஏறினோம். காவேரிப் பாலத்தின் நடுவில் பஸ் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கினோம். யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது, கிணறுதான். அதனால் எல்லோரும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்க, நான் மட்டும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு கல்யாண கோஷ்டியும் நாங்களுமாகச் சேர்ந்து தள்ளினோம். பஸ் கிளம்பியதும் நிற்காமல் போய்விட்டது. கண்டக்டரும் எங்களோடு தள்ளியவர்தான். அவரும் எங்களோடு பாலத்தில் நின்றார். "நம்ம டிரைவருக்கு நின்னா மறுபடி போகாதுன்னு பயம்ங்க" என்று விளக்கம் சொன்னார். மீதித் தூரத்தைப் புழுதியில் நடந்தோம். எனக்கு இரண்டு கண்ணும் சிவந்து எரிந்தது.

ரங்கநாயகியின் அப்பா சேஷாத்ரி ஐயங்கார் கோயிலில் பாசுரம் ஓதும் கோஷ்டியில் ஒருவர். கண்டிப்பானவர் என்று முகத்திலேயே தெரிந்தது. "வாங்கோ. பெருமாள் சேவை ஆச்சோ?" என்றார். சாப்பிடச் சொல்லி இலை போட்டார்கள். அவர் பக்கத்தில் நின்று என் முகத்தைப் பார்த்து, "திருக்கண்ணமுது கொஞ்சம் சாதிக்கட்டுமா?" என்றார்.

கண்ணுக்கு மருந்து என்று நினைத்தேன். நல்ல மனிதர், கவனித்திருக்கிறார். தலையை அண்ணாந்து, கண்ணை அகல விரித்து, "ரெண்டு கண்ணிலயும் விடுங்கோ" என்றேன்.

கரண்டி இலைக்கு மேலே நின்றுவிட்டது. ரங்கநாயகி என் காதில், "பாயசம்க்கா" என்றாள். அவர் ஒன்றும் நடக்காதது போல இலையில் விட்டார். அவர் மீசையில்லாத உதடு மட்டும் ஒருமுறை துடித்தது. அதற்குப் பிறகு பேசுவது எளிதாக இருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். தையல் இல்லை, டெலிபோன் என்று. அவர் மகளைப் பார்த்தார்.

"என்ன கத்துண்டே? ஒப்பி."

அவள் கைகட்டி நின்று ஆரம்பித்தாள். வீட்டில் கேட்டு வளர்ந்த ராகத்தில், என் கடிதங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓதினாள். வெள்ளைச் சேலை நாலு, பாவாடை மூன்று. அவர் கண்ணை மூடிக்கொண்டு தாளம் போட்டார். திடீரென்று கையைத் தூக்கினார்.

"பாவாடை மூணுன்னுட்டு அங்க மூச்சு விடப்படாது. தலையணை உறைல போய் விடணும்."

அவள் திருத்தி ஓதினாள். அவர் தலையசைத்தார். பிறகு என்னிடம் திரும்பி, "அந்த உத்தியோகத்துல யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லணுமோ? இன்னார் இனியார்னு கிடையாதோ?" என்று கேட்டார்.

"கிடையாது. யார் கூப்பிட்டாலும்."

வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி மடித்தார். "பெருமாளுக்கும் அதே உத்தியோகம்தான்" என்றார். "போயிட்டு வரட்டும்."

வியாழக்கிழமை மத்தியானம் நான் பயந்துகொண்டிருந்தது நடந்தது. "நாளைக்கு இன்டர்வியூ. நீங்க ஒரு தடவை உக்காந்து செஞ்சு காட்டுங்கக்கா" என்றாள் மேரி. பதினொரு பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். சவரிமுத்து அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். கோபக்காரச் சந்தாதாரராக நடிப்பது அவர் வேலை. ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டார்.

நான் தேயிலைப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். "நம்பர் ப்ளீஸ்" என்றேன்.

"எவ்வளவு நேரம்யா கூப்பிடுறது! தூங்குறீங்களா அங்க!" என்று அவர் முழங்கினார்.

அது தேயிலைப் பெட்டி. கத்துகிறவர் காலையில் எனக்குக் காபி ஆற்றிக் கொடுத்தவர். ஆனாலும் என் கையிலிருந்த குடைக்கம்பி கீழே விழுந்தது. பதிலுக்குக் கண்ணீர்தான் வந்தது.

பிறகு சொன்னேன். பயிற்சி முடித்து நான் போர்டில் உட்கார்ந்தது பத்தொன்பது நாள்தான். பத்தொன்பதாம் நாள் ஒருவர் இப்படித்தான் கத்தினார். அழுதுவிட்டேன். என்னை ரெக்கார்டு அறைக்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து ஃபைல்களுக்கு நம்பர் போடுகிறேன். கடிதத்தில் எழுதியதெல்லாம் போர்டில் உட்கார்ந்திருந்தால் நான் எப்படி இருந்திருப்பேன் என்று நினைத்து எழுதியது.

நான் சொன்னது சவரிமுத்துவின் காதுக்கு எட்டவில்லை. அவர் வெளியிலிருந்து, "ஹலோ! ஹலோ!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

மேரி எழுந்து உள்ளே போய்விட்டாள். பானையில் செம்பு மோதும் சத்தம் கேட்டது. அடுத்த ரயிலைப் பிடித்துவிடலாமா என்று யோசித்தேன். அவள் தண்ணீரோடு வந்து நின்றாள். முகம் இறுகியிருந்தது.

"நாளைக்கு எனக்கும் அழுகை வந்தா என்னக்கா பண்றது? அதை நீங்க ஒரு கடிதத்துலயும் எழுதலையே."

"எனக்குத் தெரியாது, மேரி."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"ஒண்டும் செய்யேல்லை. வீட்டை போயிட்டன். திரும்பப் போய், இன்னொரு தரம் இருத்திப் பாருங்கோ எண்டு கேட்டிருக்கலாம். கேக்கேல்லை. அவ்வளவுதான்."

அவள் தண்ணீரை என் கையில் கொடுத்தாள். இரண்டு வருடத்தில் நான் அவளிடம் சொன்ன முதல் உண்மையான பதில் அதுதான். அதற்குள் சவரிமுத்து உள்ளே வந்து, விஷயம் தெரிந்து, "ஐயையோ, நான் கத்துனதுலயா?" என்று பதறி, அதே மூச்சில், "பழகிட்டா போயிடும்மா. உக்காருங்க, மறுபடி கத்தறேன்" என்றார். பொழுது சாயும்வரை அவர் கத்தினார். நான் நாலு முறை அழுதேன். ஐந்தாவது முறை, "பொறுங்கோ" என்று சொல்ல முடிந்தது. பெண்கள் கைதட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை. கன்டோன்மென்ட் பக்கம் ஒரு கம்பெனி. புது சுவிட்ச்போர்டுக்கு இரண்டு பேர் வேண்டும். பெண்கள் பதினொரு பேரும் போனார்கள். நானும் சவரிமுத்துவும் வராந்தாவில் நின்றோம். அவர் என்னிடம் ரகசியமாகப் பேசியதில் மாடி ஜன்னல்கள் திறந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

உள்ளே ஒவ்வொருத்தியாக நிஜ போர்டில் உட்கார வைத்து, அடுத்த அறையிலிருந்து பேசிப் பார்த்தார்கள். நாலாவது பெண் வெளியே வந்ததும் மேனேஜர் பின்னாலேயே வந்தார். நடுத்தர வயது, வழுக்கை, குழம்பிய முகம்.

"நீங்கள்லாம் சிலோனா?" என்று மிச்சமிருந்த பெண்களைக் கேட்டார்.

"இல்ல சார். பொன்மலை."

"அப்புறம் ஏன் ஒவ்வொருத்தியும் 'பொறுங்கோ, கெதியா இணைக்கிறன்' என்கிறாள்?"

என் கடிதத்தில் இருந்த வாக்கியம். 'கெதியா' என்றால் எங்கள் ஊரில் சீக்கிரம். இவர்கள் அதை டெலிபோன் இலாகாவின் சொல் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மேரி ஏழாவதாகப் போனாள். அடுத்த அறையிலிருந்து பேசியவர் மெல்லிய குரல்காரர். எங்கள் பயிற்சியில் யாரும் மெதுவாகப் பேசியதே இல்லை. லைன் செத்துவிட்டது என்று அவள் நினைத்தாள். நம்பர் ப்ளீஸ், நம்பர் ப்ளீஸ் என்று குரல் ஏறிக்கொண்டே போனது வராந்தாவில் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ரங்கநாயகியும் குணசீலி என்ற பொன்மலைப் பெண்ணும் தேறினார்கள். கடைசியில் மேனேஜர் எல்லோரையும் நிறுத்தி, "யார் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார். பத்து பேரும் பெஞ்சில் அழுதுகொண்டிருந்த மேரியைக் காட்டினார்கள். என் பக்கம் ஒரு விரல்கூட வரவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. மேனேஜர் மேரியையும் அவள் கைக்குட்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமை நான் திரும்ப வேண்டிய நாள். விடிந்து எழுந்தபோது மேரி வீட்டில் இல்லை. மாதா கோயிலுக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன். இட்லி சாப்பிட்டேன், வரவில்லை. சவரிமுத்து என் பெட்டியைச் சைக்கிளில் கட்டினார், வரவில்லை. நேற்று அவளுக்கு என் மேல் கோபம் வந்திருந்தால் அதில் தவறில்லை என்று நினைத்தபடி நடந்தேன். பாதி வழியில் சவரிமுத்து சைக்கிளை நிறுத்தினார். அவருக்கு முதல் தடவையாகக் குரல் தணிந்திருந்தது.

"அந்த கம்பெனிக்குப் போயிருக்காம்மா. 'நான் போய் இன்னொரு தடவை கேட்டுட்டு வரேன்ப்பா. ஸ்டேஷனுக்கு வரலேன்னு அக்கா கோச்சுக்க மாட்டாங்க'ன்னா. இல்லேன்னு சொன்ன இடத்துல போய்க் கேக்க என்னம்மா இருக்கு?"

"கேட்கட்டும்" என்றேன்.

ரயில் கிளம்பும்வரை பிளாட்பாரத்தின் கோடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் வரவில்லை.

ஏழு வாரம் ஒரு செய்தியும் இல்லை. பிறகு ரெக்கார்டு அறைக்கு ஒரு கடிதம் வந்தது. வழக்கமாக அவள் எட்டுப் பக்கம் எழுதுவாள். இது அரைப் பக்கம்.

"அக்கா, நலம். அன்று மூன்று தடவை வாட்ச்மேன் திருப்பி அனுப்பினார். சாயங்காலம் மேனேஜரே வெளியே வந்தார். மெதுவாகப் பேசினால் எனக்குக் கேட்கப் பழக்கமில்லை, ஒரு வாரம் பழகக் கொடுங்கள் என்று கேட்டேன். கொடுத்தார். இப்போது மூன்றாவது ஆபரேட்டர் நான்தான். ரங்கா சுகம். நேற்று ஒருவர் கத்தினார், அழவில்லை. பஸ் வந்துவிடும். நிறைய எழுத நேரமில்லை. மேரி."

நிறைய எழுத நேரமில்லை என்ற வரியைத்தான் பல முறை படித்தேன். அன்று மத்தியானம் ஃபைல்களை ஒதுக்கிவிட்டுப் பதில் எழுத உட்கார்ந்தேன். புத்திமதி ஒன்றும் தோன்றவில்லை. கடைசியில் இப்படி எழுதித் தபாலில் சேர்த்தேன்:

"அன்புள்ள மேரி, மேனேஜர் வெளியே வந்ததும் நீ முதலில் என்ன சொன்னாய், எப்படி நின்றாய், அதை மட்டும் எனக்கு ஒன்றும் விடாமல் வடிவாக எழுது. திங்கட்கிழமை நான் எங்கள் எக்ஸ்சேஞ்ச் சூப்பரின்டென்டென்டைப் பார்க்கப் போகிறேன்."